கால் நீட்டிய திசை

கணுக்கால் முறிந்தவருக்கு, கட்டு அவிழ்த்த பிறகும் வீக்கம் மாதக்கணக்கில் வந்துபோகும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கெண்டைக்கால் சூடாகி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்படித் தலையணைகளில் காலை உயர்த்திக் கிடந்த ஒரு பின்னேரம் மாமா வந்தார், வவுணதீவு வயலிலிருந்து நேரே. கதிரை என் கால்மாட்டில் கிடந்தது. உட்கார்ந்தால் என் உள்ளங்கால் அவர் முகத்துக்கு நேரே. எழும்பப் பார்த்தேன். "இரி மனே, இரி" என்றார். பிறகு கதிரையைத் தூக்கித் தலைமாட்டில் போட்டு, வெள்ளாமைக் கதையைத் தொடங்கினார்.

அவர் ஏன் கதிரையை மாற்றினார்?

கண்ணகை அம்மன் கோயில் இருக்கிற பக்கம் கால் நீட்டவே அம்மம்மா விடமாட்டா. உறக்கத்தில் நீட்டினாலும் வந்து திருப்பிவிடுவா. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். அந்த வளர்ப்பு மாமாவுக்கும் உண்டு. கால் அவரை உறுத்தியிருக்கலாம்.

ஆனால் கால் உயர்ந்திருந்தது வீக்கம் வடியத்தான். அதை நினைத்தால், மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலைப் பற்றி எப்போதோ வாசித்தது அரைகுறையாக ஞாபகம் வருகிறது. கையைக் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் அழுத்தி, இரத்தம் அதில் இதயத்தை நோக்கி மட்டுமே போகும் என்று காட்டினார். பின்னோக்கி விடாத அடைப்பிதழ்களை அவருடைய ஆசிரியர் ஃபப்ரிசியஸ் முன்பே விவரித்திருந்தார். காலிலிருந்து மேலேறும் இரத்தத்தை நடக்கும்போது கெண்டைத் தசை பிழிந்து தள்ளுகிறது. நடக்காத காலில் அந்தத் தள்ளல் குறைய, நீர் கீழேயே தேங்குகிறது. உயர்த்தினால் வடிகிறது. உடம்புக்கு வேண்டியது அந்தச் சாய்வு மட்டுமே. எதிரே யார் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

மாமாவுக்கு இந்த விளக்கம் தேவையா? சேற்றில் நின்று நின்று அவருடைய கால்களும் வீங்கும். அவர் அவற்றை உயர்த்திப் படுத்து நான் பார்த்ததில்லை. நான் காலை இறக்கிவிடக் கூடாதே என்றுதான் கதிரையை எடுத்தாரோ? என் முகம் பார்த்துக் கதைக்கவோ? கேட்டால் "அதுக்கென்ன மனே" என்பார். அதில் எதுவும் விளங்காது.

இப்போது பெரியவர்கள் வரும்போது மகன் கால் நீட்டி இருந்தால், மடக்கு என்று சொல்ல வாயெடுக்கிறேன். சில நேரம் சொல்கிறேன், சில நேரம் விட்டுவிடுகிறேன். எது சரியென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.