பறக்கிற வரைக்கும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியிருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வேலைக்குப் போகிற எங்களுக்கு, ரயில் அத்திப்பட்டு புதுநகரைத் தாண்டியதுமே மூக்கு எரியும். அந்த வாரத்தில் ஒருநாள் மீனவர் ஒருவரின் படகில் போயிருந்தேன். அங்கே ஒரு கூழைக்கடாவைப் பார்த்தேன்.

மண்திட்டில் நின்றுகொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே அதன் சாம்பல் வெள்ளையைக் காணோம். தார் பூசிய மாதிரி ஒரு பழுப்பு. நீண்ட அலகால் நெஞ்சு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஓர் இறகை அடியில் கவ்வி நுனிவரை இழுக்கும். அலகைத் தண்ணீரில் அலசும். பிறகு அடுத்த இறகு. அலசிய தண்ணீரிலும் எண்ணெய். எண்ணெய் பட்ட பறவைகள் பலவும் இப்படித்தான் சாகின்றன: கோதக் கோத, எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. சுத்தமாக இருக்கப் பறவைக்குத் தெரிந்த வழி கோதுவது ஒன்றுதான்.

நெருங்கினோம். எழுந்து பறந்துவிட்டது. கனத்துப்போய்த்தான் பறந்தது, ஆனாலும் பறந்தது.

"பறக்குற வரைக்கும் யாருக்கும் மாட்டாது சார். விழுந்தாத்தான் புடிக்கலாம்" என்றார் படகுக்காரர். வனத்துறை ஆட்களுக்கும் அந்த நாட்களில் இதே பாடுதான்.

அப்படி விழுந்த பறவை ஒன்றை முன்பே பார்த்திருக்கிறேன். பொன்னேரிப் பக்கம் எங்கள் ஆயா வீட்டு முற்றத்தில் ஒருமுறை காக்கைகள் கொத்திப்போட்ட குயில் ஒன்று கிடந்தது. ஆயா அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, கோணியைப் போர்த்தினாள். "ஒண்ணும் வெக்காத, எட்டிப் பாக்காத." எனக்கு அது கல்மனசாகப் பட்டது. காயம்பட்ட பறவையை இருட்டில், சந்தடியில்லாத இடத்தில் வை, வாயில் தண்ணீர் ஊற்றாதே என்றுதான் பறவை வைத்தியம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. நம் முகமே அதற்குப் பேய் மாதிரி. காலையில் குயில் இல்லை. "பறந்துடுச்சு" என்றாள். கூடை கவிழ்த்தபடியே இருந்தது.

அதே ஆயாவுக்குக் கடைசி வருடத்தில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." அடுப்பங்கரையில் விழுந்த பிறகுதான் மாமா தூக்கி ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. திமிறவில்லை. திமிறத் தெம்பில்லை.

எண்ணெய் பட்ட பறவைகளைப் பற்றி எங்கோ படித்தது: 2000-ல் கேப் டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, ஏறத்தாழ 19,000 பெங்குவின்களைப் பிடித்துக் கழுவினார்கள். மிகப் பெரும்பாலானவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. கழுவிவிட்ட பறவைகள் வேறு இடங்களில் சீக்கிரமே செத்துப்போனதாகச் சொல்கிற ஆய்வுகளும் உண்டு. இருந்தாலும் கேப் டவுன் கதை என்னைச் சிலிர்க்க வைத்திருந்தது. எண்ணூருக்குப் போய் வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பெங்குவினுக்குப் பறக்கத் தெரியாது.

அப்படியானால் நம் கருணைக்கு எதிராளி கொஞ்சம் முடமாக இருந்தாக வேண்டுமா? விழும்வரை காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப்புறம், ஆந்திர எல்லைக்குள் நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகிற பருவம் அது. அடைகாக்கும் பறவையின் வயிற்றிலிருந்து சில சொட்டு எண்ணெய் முட்டை ஓட்டில் பட்டாலே உள்ளே கரு செத்துப்போகலாம். நான் பார்த்தது அங்கே போகிற பறவையா, தெரியாது. சரி, விரட்டிப் பிடிக்கலாம் என்றால், நனைந்த இறகோடு ஓடவிட்டு இருக்கிற தெம்பையும் உறிஞ்சிவிடுவோம். ஆயாவை முன்னாலேயே வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போயிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பாள் என்கிறார் மாமா. எங்களை மன்னித்திருக்க மாட்டாள் என்கிறாள் அம்மா. இரண்டு பேருமே அவளை நன்றாக அறிந்தவர்கள்.

அன்று பின்தொடராமல் திரும்பியதை, அந்தப் பறவைக்குக் காட்டிய மரியாதை என்றுதான் எனக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். படகில் டீசல் குறைந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. எது எங்களைத் திருப்பியது என்று இன்னும் பிடிபடவில்லை.