யார் பழக்கிய காது?

வீட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் தியாகராஜ கீர்த்தனையை ஒலிக்க விடுவேன். அவர் படியிறங்கியதும் சினிமாப் பாட்டு. இந்தக் கபடம் எனக்கு மட்டுமே உரியது என்று வெட்கப்பட்டிருந்தேன். பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு 1979-இல் வெளியிட்ட நூலைப் படித்ததும் வெட்கம் குறைந்தது, கலக்கம் கூடிற்று. 1960-களில் 1,217 பேரை விசாரித்தாராம். உடலுழைப்பாளிகளுக்கு 'நீல டான்யூப்' வால்ட்ஸ் பிடித்திருந்தது. பேராசிரியர்கள் பாக் இயற்றிய இசையைச் சொன்னார்கள். படிப்பும் பிறந்த வீடுமே காதைப் பழக்குகின்றன என்கிறார். நம் மந்திரி கேஸ்கரும் 1952-இல் வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்துப் பார்த்தார். ஜனங்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிவிட்டார்கள்! அப்படியானால், யாருமில்லாத இரவுகளில் கீர்த்தனை கேட்டு நான் கண் கலங்கியிருக்கிறேனே, அதுவும் யாரோ பழக்கியதுதானா? இருக்கலாம். ஆனாலும் அந்தக் கண்ணீரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.