பணமும் தகுதியும்

சந்தையைப் பற்றி முதலாளித்துவச் சிந்தனையாளர் பேசிவந்த பெருமைகளுள் தலையாயது, அது மனிதரின் பிறப்பை வினவுவதில்லை என்பதாகும். பண்டம் ஒன்று உண்டு. அதற்கு விலை ஒன்று உண்டு. விலையைக் கொடுப்பவன் பண்டத்தைப் பெறுவான். நிலமானிய சமுதாயத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. எவர் எத்தகைய ஆடையை உடுக்கலாம், எந்த அணியைப் பூணலாம் என்பதைக் குலமும் பதவியும் வரையறுத்தன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதற்கெனச் சட்டங்களே இருந்தன. நமது யாழ்ப்பாணத்திலோ வழக்கமே சட்டத்தின் வேலையைச் செய்தது. மேலாடை அணிவதற்கும் தோடு பூணுவதற்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்ததை நாம் அறிவோம். அந்த அமைப்போடு ஒப்பிடுகையில், ஆளைப் பார்க்காத பணம் வரலாற்றில் ஒரு முன்னேற்றமே.

ஆயின், விலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனை நோக்கி, “இதனைப் பெறுவதற்கு நீ தகுதியுடையவனா?” என்று கடை கேட்குமாயின், அதன் பொருள் யாது? இவ்வினா கற்பனையன்று. சுவிற்சர்லாந்தின் உயர்விலைக் கைக்கடிகாரங்களை விற்கும் அங்கீகாரம் பெற்ற முகவரின் கடைகளில், இலண்டனிலும் நியூயோர்க்கிலும் சிங்கப்பூரிலும், இது நாள்தோறும் எழுகின்றது.

அங்கு நடைபெறுவதைச் சற்று நோக்குவோம். றோலெக்ஸ் நிறுவனத்தின் டேற்றோனா, பற்றெக் பிலிப் நிறுவனத்தின் நோட்டிலஸ் போன்ற சில வகைகளுக்கு விலை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால், கடைக்குச் சென்று அவ்விலையைக் கொடுப்பதால் மட்டும் அவை கிடைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியில் உள்ளவை பல கடைகளில் பார்வைக்கு மட்டுமே உரியவை. வாங்க விரும்புபவனின் பெயர் பதியப்படும். தொழில் யாது, எந்த நிகழ்வை முன்னிட்டு வாங்குகின்றான், இதற்கு முன்னர் இக்கடையில் என்னென்ன வாங்கியிருக்கின்றான் என்பன உரையாடலினூடே அறியப்படும். பதியப்பட்ட பெயர்களுக்கு வரிசை எண் இல்லை. ஒருவனுக்குச் சில மாதங்களில் அழைப்பு வரும். இன்னொருவன் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பான். வேறொருவனுக்கு எக்காலத்திலும் வராது. காரணம் எவருக்கும் கூறப்படுவதில்லை. எனவே, விரும்பிய கடிகாரத்தின் பொருட்டு விரும்பாத மோதிரத்தையும் விலைபோகாத வேறொரு கடிகாரத்தையும் வாங்கித் தனது விசுவாசத்தைக் காட்டுவோர் பலர். எல்லா முகவரும் இவ்வாறே நடப்பர் என்பது நமது கூற்றன்று. ஆயினும், இவ்வணிகத்தை அறிந்தோர் எவரும் இதனைப் புதுமையாகக் கருதார்.

இவ்வதிகாரம் விற்பவனுக்கு எங்கிருந்து வருகின்றது? இரு விலைகளுக்கு இடையேயுள்ள இடைவெளியிலிருந்தே வருகின்றது. அறிவிக்கப்பட்ட விலை ஒன்று. வெளிச்சந்தையில் அதே கடிகாரம் பெறும் விலை மற்றொன்று. நோட்டிலஸ் வகையில் நீல முகப்புக் கொண்ட ஒரு கடிகாரம் 2021 டிசம்பரில் நற்பணி ஒன்றின் பொருட்டு ஏலத்தில் விடப்பட்டது. அதன் கடைவிலை ஏறத்தாழ 52,000 டொலர். ஏலத்தில் அது பெற்றதோ 65 இலட்சம் டொலர். இது அதீதமான உதாரணமே. வெளிச்சந்தை விலைகள் 2022 இன் முற்பகுதியில் உச்சத்தை எட்டிப் பின்னர் இறங்கியதும் உண்மையே. எனினும், சில வகைகளுக்கு அவ்விடைவெளி இன்னும் நீங்கவில்லை. அது நீங்காதவரை, கடைவிலைக்கு விற்பது விற்பனையாக மட்டும் இருப்பதில்லை; அது ஓர் அனுக்கிரகமாகவும் ஆகின்றது. அனுக்கிரகம் செய்யும் நிலையில் உள்ளவன் முன்னே மற்றவன் பணிந்து நிற்பது இயல்பு.

பணத்தைக் கொட்டத் தயாராயிருக்கும் செல்வந்தனுக்காக நாம் ஏன் வருந்தவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அவனுக்குக் கடிகாரம் கிடைக்காமையால் எவ்வகை அநீதியும் நேர்ந்துவிடவில்லை. நேரம் அறிவதற்கு அவனுக்கு அது தேவையுமன்று. அடம் சிமித் 1759 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலேயே இதனை எள்ளலோடு சுட்டினார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் பிந்துகின்ற கடிகாரத்தை அற்ப விலைக்கு விற்றுவிட்டுப் பெருவிலையில் வேறொன்று வாங்குபவன், அதனால் நேரந் தவறாதவனாக மாறிவிடுவதில்லை என்பது அவரது அவதானம். 1969 டிசம்பரில் யப்பானின் சீக்கோ நிறுவனம் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபின் இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. சுவிற்சர்லாந்தின் அதிகாரபூர்வப் பரிசோதனையில் தேறும் பொறிக் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரி 4 செக்கன் பிந்தவோ 6 செக்கன் முந்தவோ இடமுண்டு. சாதாரண படிகக் கடிகாரமோ ஒரு மாதத்தில் ஏறத்தாழ 15 செக்கன் மட்டுமே பிழைக்கும். ஆகவே, அக்கடையில் விற்கப்படுவது நேரமன்று.

விற்கப்படுவது யாது? பெறுமதியான பண்டங்களை மனிதர் தமது செல்வத்தைக் காட்டவே வாங்குகின்றனர் என்று 1899 இல் வெப்லன் எழுதினார். நாம் கூறும் நிலைமை அதனையும் கடந்து செல்கின்றது. செல்வம் உடையவன் என்று காட்டுதல் இங்கே போதாது. தெரிந்தெடுக்கப்பட்டவன் என்றும் காட்டவேண்டும். அழைப்பு வந்த நாளில் அவன் அடையும் மகிழ்ச்சி பண்டம் கிடைத்தமையால் மட்டும் வருவதன்று. பல பேர் காத்திருக்கத் தான் ஏற்றுக்கொள்ளப்பட்டமையால் வருவது. சந்தை ஒழித்துவிட்டதாகக் கூறிய தகுதி விசாரணை, சந்தையின் உச்சியிலேயே மீண்டும் அரியணை ஏறியிருப்பதை நாம் காண்கின்றோம்.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் ஆராய்தல் வேண்டும். தட்டுப்பாடு தமது தந்திரமன்று, தரத்தைக் குறைக்காமல் உற்பத்தியைத் தேவைக்கேற்ப உயர்த்த இயலவில்லை என்று றோலெக்ஸ் நிறுவனம் 2021 இல் கூறியது. புதிய பெருந் தொழிற்சாலை ஒன்றைக் கட்டப்போவதாக மறு ஆண்டில் அறிவித்தும் உள்ளது. இதனை நம்ப மறுப்பதற்கு நம்மிடம் காரணம் இல்லை. முகவர் கூறும் நியாயம் வேறு. வாங்கிய மறுநாளே கூடிய விலைக்கு விற்பவனைத் தவிர்த்து, உண்மையாக அணிய விரும்புபவனுக்குக் கொடுக்கவே ஆளறிந்து விற்கின்றோம் என்பர். இந்நோக்கமும் தவறானதன்று. ஆனால், அணிய விரும்புபவனைக் கண்டறிவதற்கு அவன் முன்னர் வாங்கிய மோதிரங்கள் எவ்வகையில் சான்றாகும்? ஏலத்தில் விட்டால் மிகப் பெரிய செல்வந்தனே பெறுவான் என்பது உண்மை. ஆயினும், ஏலமும் விற்பனையாளரின் விருப்பமும் தவிர்ந்த வழிகள் மனிதருக்குத் தெரியாதவையல்ல. வந்த முறைப்படி கொடுக்கலாம், திருவுளச்சீட்டுப் போடலாம்.

முறைப்படி கொடுத்தல் என்பதன் ஒழுக்கப் பெறுமதியை நம் நாட்டு மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன்னே இரவு பகலாக நின்றவர்கள் நாம். அவ்வரிசை கொடியது. ஆனால் பின்னால் நின்றவன், தான் ஏன் பின்னால் நிற்கின்றான் என்பதை அறிந்திருந்தான். முன்னால் நின்றவன் தன்னிலும் உயர்ந்தவன் என்று அவன் எண்ண வேண்டியிருக்கவில்லை. செல்வாக்கினால் எவரேனும் இடையிற் புகுந்தபோது மக்கள் கூக்குரலிட்டனர். ஏனெனில் விதி மீறப்பட்டது என்பது எல்லார்க்கும் தெரிந்தது. கடிகாரக் கடையிலோ இடையிற் புகுதலே விதியாகிவிட்டது. அங்கே கூக்குரலிடுவார் இல்லை. எவ்வாறு இடையிற் புகலாம் என்று ஆலோசிப்பாரே உளர்.

இவ்வுறவு இருபுறத்தாரையும் சிறுமைப்படுத்துகின்றது. வாங்குபவன், விற்பனையாளரின் மனத்தைக் குளிர்விக்க இனிய மொழிகளைத் தேடுகின்றான். விற்பனையாளரோ கூலிக்கு உழைப்பவர். தாம் விற்கும் கடிகாரத்தை வாங்கும் ஊதியம் பெரும்பாலும் இல்லாதவர். பிறரது தகுதியை எடைபோடும் வேலை அவர்மீது சுமத்தப்பட்டிருக்கின்றது. அந்த எடைக்கல்லோ அவருடையதன்று.

இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார்: அதனைச் செய்த தொழிலாளி. மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே, தொழிற் பிரிவினையை விளக்குவதற்குக் கடிகாரத் தொழிலையே எடுத்துக்கொண்டு, ஒரு கடிகாரத்தை உருவாக்கும் தனித்தனித் தொழிலாளரை நீண்ட பட்டியலாகத் தந்தார். 1872 இல் யூரா மலைப்பகுதிக்குச் சென்ற குரொப்பொட்கின், அங்குள்ள கடிகாரத் தொழிலாளரின் சுதந்திர சிந்தையால் ஆழமாகக் கவரப்பட்டார். 1970 அளவில் அந்நாட்டில் இத்தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். படிகக் கடிகாரத்தின் வருகைக்குப்பின், 1980களின் நடுப்பகுதியில், மூன்றிலொரு பங்கினரே எஞ்சினர். அவர்களின் கைத்திறனை நாம் இகழவில்லை. மெல்லிய உருக்கு நாடாவின் விசையை நொடிக்கு எட்டு அசைவாக ஒழுங்குபடுத்தும் அறிவு மனித ஆற்றலின் சிறந்த வெளிப்பாடுகளுள் ஒன்று. ஆயினும், எத்தனை மாதம் காத்திருந்தேன், யார் மூலம் பெற்றேன் என்பதே பெற்றவன் பேசும் கதையாகும்போது, செய்தவரின் உழைப்பு மறைந்துபோகின்றது.

அக்கடைகளின் படியை மிதிக்கவே போகாத நமக்கு இதில் என்ன அக்கறை? வசதி படைத்தோரிடையே பிறக்கும் பழக்கம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு நன்கொடையும் அறிமுகமும் தேடி அலையும் பெற்றோரை நாம் காண்கின்றோம். காரணம் கூறாது மறுக்கப்படுவதும், காரணம் அறியாது அருளப்படுவதும் அங்கும் உண்டு. கிடைத்தவர் நன்றி கூறுகின்றார். கிடைக்காதவர் தமது குறை யாதென்று தம்மையே வினவுகின்றார். உரிமை சலுகையாக மாறும் வழி இதுவே. ஒரு கடிகாரம் சலுகையாகக் கிடைப்பது சமுதாயத்துக்குப் பெருங்கேடன்று. சலுகையைக் கௌரவம் என்று மகிழப் பழகிவிட்ட மனமே கேடு. பகிர்ந்துகொடுக்கும் அதிகாரம் எங்கு இருப்பினும், அதன் விதி எல்லாரும் அறிந்ததாயிருத்தல் வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் கூறப்படல் வேண்டும். இவ்விரண்டையும் கேட்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.