காட்டுக்கு ஒரு பானை

ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டு முற்றத்தில் பாத்திரங்கள் வெயிலுக்கு வந்துவிடும். பரணிலிருந்து இறக்கிய வெண்கலப் பானை, பித்தளைப் பானை, சருவச்சட்டி, உருளி, தூக்குவாளி, தோண்டி, கும்பா, அகப்பைக் கட்டு, அரிவாள்மணை என்று ஒவ்வொன்றாகப் புளியிட்டுத் துலக்கப்பெற்றுத் திண்ணையின் விளிம்பில் வரிசையாக அமர்ந்திருக்க, ஆச்சி அவற்றின் நடுவே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு எவை வரவேண்டும், எவை வீட்டில் தங்கவேண்டும் என்று தீர்ப்பு வழங்குவாள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஒன்பது பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் காட்டில் தங்குவதற்கு அவள் எடுத்துவைத்தவை ஐந்தே பொருள்கள்: ஈயம் பூசிய பித்தளைப் பானை ஒன்று, இரும்புச் சட்டி ஒன்று, தண்ணீருக்குத் தோண்டி ஒன்று, ஓர் அகப்பை, ஓர் அரிவாள்மணை. இலைக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. அம்மிக்கு ஆற்றங்கரையில் கல் கிடக்கிறது. அடுப்புக்கும் அதே கல் மூன்று போதும்.

இவ்வளவு சிக்கனமாகத் தேர்ந்தவள் அந்தப் பித்தளைப் பானையில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. இருபது பேருக்குச் சோறு வடிக்கலாம் அதில். சிறுவனாயிருந்த நான் கேட்டேன்: "நாம ஒன்பது பேருதான ஆச்சி, இவ்வளவு பெரிய பானை எதுக்கு?" அவள் நிமிர்ந்தும் பாராமல் சொன்னாள்: "பானை நமக்கு மட்டுமால? வாறவொ எங்கல போவாவொ?"

பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டினுள், தாமிரபரணியின் கரையில் இருக்கிறது அந்தக் கோயில். நெல்லைச் சீமையின் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே குலதெய்வம். பாளையிலும் அம்பாசமுத்திரத்திலும் சென்னையிலும் சிதறிக் கிடப்பவர்கள் ஆடி அமாவாசைக்கு அங்கே ஒன்றுகூடி, ஆற்றோரம் ஓலைக்குடில் போட்டுத் தங்கி, பொங்கலிட்டு, நேர்ச்சை செலுத்தித் திரும்புவார்கள். 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் இணைந்து புலிகள் காப்பகமாயின. இப்போது தங்கும் நாள்கள் குறைந்துவிட்டன. பிளாஸ்டிக் பை சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது. விறகைக் காட்டில் ஒடிப்பதற்கில்லை. இவை நியாயமான கட்டுப்பாடுகள் என்றே நான் கருதுகிறேன். காடு நமக்கு இடங்கொடுத்த வீடு; அந்த வீட்டில் குடியிருப்பவை வேறு உயிர்கள்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, பெங்களூரில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன் ஒரு பையோடு வந்தான். நண்பர்களுடன் மலையில் இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்கிவிட்டு வருகிறவன் அவன். பையைத் திறந்து காட்டினான். உள்ளங்கையில் அடங்கும் வாயு அடுப்பு, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் இரண்டு அலுமினியக் கிண்ணங்கள், மடங்கும் கைப்பிடி, மடங்கும் கரண்டி. எல்லாம் சேர்ந்து ஒரு தேங்காயின் பருமன்தான் இருக்கும். அதன் வேலைப்பாட்டை நான் மனமார வியந்தேன். "இதைவிட எளிமையா என்ன மாமா இருக்கு? எனக்கு வேண்டியது எல்லாம் இதுக்குள்ள அடங்கிருச்சே" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி; எனக்கு உடனே விடை வரவில்லை. ஆச்சியின் பானை எளிமையா, இந்தப் பை எளிமையா? எளிமை என்ற ஒன்றை எந்த அளவுகோலால் அளப்பது?

நம் சமய நூல்கள் இந்தக் கேள்வியைச் சிறிய விஷயமென்று ஒதுக்கவில்லை. பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தில் அபரிக்கிரகத்தையும், அதாவது தேவைக்கு மேல் பொருள் கொள்ளாமையையும், ஒன்றாக வைத்தார். பௌத்த சங்கத்தின் விநயமோ இன்னும் நுணுக்கமாக இறங்கி, பிக்குவானவன் மிகையாகக் கிடைத்த பிக்ஷாபாத்திரத்தைப் பத்து நாளுக்கு மேல் தன்னிடம் வைத்திருக்கலாகாது என்றும், தன் பாத்திரத்தில் ஐந்து ஒட்டுப் போடும் வரையில் புதிய பாத்திரம் தேடலாகாது என்றும் எண்ணிக்கையிட்டே விதித்தது. ஒட்டுப் போட்ட பாத்திரத்தை ஏந்தி நின்றவர்கள் எத்தகைய தெளிவோடு இதைச் சிந்தித்திருக்க வேண்டும்! ஓர் ஓட்டின் மேல் எழும் ஆசையும் ஒரு ராஜ்யத்தின் மேல் எழும் ஆசையும் சித்தத்தில் ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கதையே உண்டு. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாயிலில் பட்டினத்தடிகளும் மேற்கு வாயிலில் அவருடைய சீடராகிய பத்திரகிரியாரும் அமர்ந்திருந்த காலத்தில், சிவபெருமானே இரவலர் வடிவில் வந்து பட்டினத்தாரிடம் அன்னம் கேட்க, அவர், "நான் ஒன்றுமில்லாதவன், மேலை வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேளும்" என்றாராம். அரசைத் துறந்து வந்த பத்திரகிரியாரிடம் மிஞ்சியிருந்தவை பிச்சையெடுக்கும் ஓர் ஓடும் கூடவே திரிந்த ஒரு நாயுமே. 'இந்த ஓடும் நாயும் அல்லவா என்னைச் சம்சாரியாக்கின!' என்று அவர் ஓட்டை வீசியெறிய, அது நாயின் மேல் பட்டு நாயும் மாய்ந்தது என்று கதை முடிகிறது. துறவின் சிகரத்தைக் காட்ட இதற்கு மேல் ஒரு கதை வேண்டியதில்லை. ஆயினும் இளமையிலிருந்து இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. வந்தவருக்குப் பசித்ததே, அந்தப் பசி என்ன ஆயிற்று? கிழக்கு வாயிலில் பாத்திரம் இல்லை. ஆகவே சோறும் இல்லை. மேற்கு வாயிலில் ஒரு பாத்திரம் இருந்தது. அதுவும் கேட்ட மாத்திரத்தில் உடைந்தது. ஞானம் பூர்த்தியாயிற்று, அதிதி வெறுங்கையோடு நின்றார். பெரியவர்களைக் குறைகூறும் துணிவு எனக்கு இல்லை. அவர்களுடைய தர்மம் வேறு. என்னைப் போன்ற கிருகஸ்தன் அந்தக் கதையைத் தன் அடுக்களைக்குள் கொண்டுவந்து, 'குறைவாக வைத்திருக்கிறேன், ஆகையால் உயர்ந்தவன்' என்று எண்ணிக்கொள்ளலாமா என்பதே என் ஐயம்.

ஏனெனில் விநயம் எண்ணிய பாத்திரம் வாங்குகிறவனுடைய பாத்திரம். அதன் அளவு அவன் வயிற்றோடு முடியலாம், முடியத்தான் வேண்டும். அடுப்பில் ஏறுகிற பாத்திரம் இடுகிறவனுடையது. திருவள்ளுவர் துறவை 35-ஆம் அதிகாரத்தில் வைத்தார். விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரத்திலேயே, மக்கட்பேற்றுக்கும் அன்புடைமைக்கும் அடுத்தபடி இல்லறவியலில் வைத்துவிட்டார். ஸ்மிருதிகள் இல்வாழ்வானுக்கு நாள்தோறும் விதித்த ஐந்து யக்ஞங்களில் அதிதி பூஜையும் ஒன்று. 'பாத்திரம்' என்ற சொல்லே நம் பாஷையில் ஏனத்தையும் குறிக்கிறது, கொடைக்கு உரியவனையும் குறிக்கிறது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்னும்போது இரண்டாவது பொருள். பாத்திரம் துலக்கு என்னும்போது முதலாவது. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்து நாம் தினமும் புழங்குகிறோம்.

வனத்தில் தங்குவோருக்கு எந்தப் பாத்திரம் ஏற்றது என்பதற்கு மகாபாரதத்திலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. பாண்டவர் காடு புகுந்தபோது, தம்மைத் தொடர்ந்து வந்த அந்தணர்களுக்கு எப்படி அன்னமிடுவது என்ற கவலையே தருமபுத்திரரை வாட்டியது. சூரியன் அக்ஷய பாத்திரத்தை அருளியதும் அந்தக் கவலைக்காகவே. அதில் ஒரு நியதி உண்டு. திரௌபதி உண்ணும் வரையில் அது சுரக்கும். அவள் உண்டு முடித்ததும் அன்றைக்கு ஓய்ந்துவிடும். எல்லோருக்கும் இட்ட பிறகு இல்லாள் உண்ண வேண்டும் என்ற வரிசையில் அந்தப் பாத்திரத்தின் சக்தி இருக்கிறது. ஒருவனுக்கென்றே அளந்து செய்த கிண்ணத்தில், எத்தனை அழகாக அது மடங்கினாலும், இந்த வரிசைக்கு இடமில்லை. அவன் உண்பதே அதன் தொடக்கமும் முடிவும்.

தாமிரபரணியின் கரையில் வாழ்ந்தவர்கள் பாத்திரத்தையும் தானியத்தையும் எவ்வளவு ஆழமாக நம்பினார்கள் என்பதற்குச் சிவகளையில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழி சாட்சி. அதனுள் கிடந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று கணித்திருக்கிறார்கள். திரும்பி வராத யாத்திரைக்குப் புறப்பட்டவனுடனும் நெல்லை வைத்தே அனுப்பினார்கள். திருநெல்வேலி என்ற பெயருக்குச் சொல்லும் புராணமும் நெல்லைப் பற்றியதுதான்: நைவேத்தியத்துக்கென்று வேதசர்மா உலர வைத்த நெல்லை மழை வெள்ளம் கொண்டுபோகாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தான். தனக்குப் படைக்கப்போகும் ஒரு படி நெல்லுக்காக மழையைத் தடுத்த தெய்வத்தின் ஊரில், சோற்றுப் பானையைப் பற்றி எழுதுவது அற்ப விஷயமென்று நான் நினைக்கவில்லை.

ஆச்சி அந்தப் பித்தளைப் பானையை ஏன் எடுத்தாள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவளுடைய விவேகம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. காருகுறிச்சி மண்பானையில் வடித்த சோற்றுக்கு ருசி அதிகம்தான்; ஆனால் காட்டுப்பாதையின் குலுக்கலுக்கு அது தாங்காது. வெண்கலம் கனம், கல்லில் தவறி விழுந்தால் மணியோசையோடு விரிந்துவிடும், பிறகு ஒக்கிட வழியில்லை. பித்தளை விழுந்தால் நெளியும்; நெளிந்ததைத் தட்டி எடுக்கலாம். புளியும் பித்தளையும் சேர்ந்தால் களிம்பேறும் என்பதற்காக உள்ளே ஈயம் பூச வேண்டும். ஆனியில் தெருவுக்கு வரும் ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பானையைத் தணலில் புரட்டிக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெண்புகை குப்பென்று எழும். அந்தப் புகை அடங்குமுன் ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுத்துக் கிடந்த உட்புறம் நிலவொளி பட்டதுபோல் வெளுத்துவிடும். பூசும் ஈயமாகிய வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகும் உலோகம். வெறும் பானையை அடுப்பில் ஏற்றாதே, முதலில் தண்ணீரை ஊற்று என்று ஆச்சி ஒவ்வொரு முறையும் கத்துவதன் காரணம் எனக்கு வெகுகாலத்துக்குப் பின்பே விளங்கிற்று.

பானையின் அடி உருண்டை. தட்டையான அடிக்குத் தட்டையான அடுப்பு வேண்டும். உருண்டை அடி எந்த மூன்று கல்லின் நடுவிலும் தன் இடத்தைத் தானே தேடி அமரும், இறக்கினால் ஆற்று மணலில் நிற்கும். புறத்தே குழைத்த களிமண்ணை மெழுகிவிடுவாள். கரி மண்ணில் படியும், பானையில் படியாது. துலக்குவதற்குச் சாம்பலும் தேங்காய் நாரும் மிஞ்சும். ஒரே பானையில் அவள் சமைத்தது பெரும்பாலும் கூட்டாஞ்சோறுதான். அரிசியும் துவரம்பருப்பும், கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கைநிறைய முருங்கைக்கீரை, புளிக்கரைசல், ஆற்றுக்கல்லில் அரைத்த தேங்காயும் சீரகமும் மிளகாயும் சின்ன உள்ளியும். யார் எதைக் கொண்டுவந்தாலும் அதில் சேர்க்கலாம். அடுத்த குடிலிலிருந்து இரண்டு மாங்காய் வந்தால் அதுவும் உள்ளே போகும். மாங்காய் கொடுத்தவர்களும் இலைக்கு வந்துவிடுவார்கள். பெயரிலேயே கூட்டம் இருக்கிறது.

எல்லோரும் வந்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். சொரிமுத்தையனார் சந்நிதிக்கு அருகில் பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. பிராமணராகப் பிறந்து, வாலப்பகடையின் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகப் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலை மேற்கொண்டு, பசுக்களைக் கவர வந்தவர்களோடு போராடி மாண்ட முத்துப்பட்டனே அங்கே தெய்வம். வில்லுப்பாட்டில் அவன் கதையைப் பாடுவார்கள். பக்தர்கள் இன்றும் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்தச் சந்நிதியின் முன் கைகூப்பியவர்களே, பத்தடி தள்ளி அடுப்பு மூட்டும்போது, யார் பானையை யார் தொட்டார்கள் என்று பார்த்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பமும் அதற்கு விலக்கல்ல. எளிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனோம். வீட்டின் பாரத்தில் ஒரு பகுதியை அந்தப் பாத்திரத்தின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு போனோம் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு வேகிறது. அந்தத் தெய்வம் துறந்துவிட்ட ஒன்றை அடியார்கள் விடாமல் சுமந்த பரிக்கிரகம் அது. பித்தளையின் எடையை அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

ஒரே ஒரு வருஷம் அது சற்று நெகிழ்ந்தது. அமாவாசைக்கு முந்தின இரவு, மழையில் நனைந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்குக் கீழே, ஆற்றோரமாகத் தங்கிற்று. அவர்களுடைய மண்பானை வழியிலேயே உடைந்துவிட்டது என்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கி வந்து சொன்னாள். யார், என்ன ஊர் என்று எங்கள் பெரியப்பா விசாரிக்கத் தொடங்குமுன், ஆச்சி எங்கள் சோற்றை வாழையிலையில் கவிழ்த்துவிட்டுப் பானையைக் கழுவாமலே அந்த அம்மாளின் கையில் கொடுத்தாள். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பானையைக் குடுத்துட்டு நாளைக்கு எதுல பொங்கல் வைப்ப?" என்று கேட்டார். "அவொ வச்ச பொறவு நாம வப்போம்" என்றாள்.

மறுநாள் உச்சிவேளைக்குப் பானை திரும்பி வந்தது. புறத்தில் மெழுகியிருந்த மண் முழுவதும் கழுவப்பட்டு, சாம்பலிட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்தது. வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்ற வழக்கத்தை அவர்களும் மறக்கவில்லை. அடியில் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கருப்பட்டியும் கிடந்தன. ஆச்சி கருப்பட்டியை அங்கேயே கல்லில் தட்டி உடைத்து, முதல் துண்டைப் பெரியப்பாவின் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தை எங்களுக்குக் கொடுத்தாள். பிறகு பொங்கலுக்குப் பானையில் தண்ணீரை ஊற்றினாள்.