உடைமையும் மற்றுமோர் அடுப்பும்

மக்கள் வாழ்க்கைக்குப் பொருள் இன்றியமையாதது என்பதும், அப்பொருள் அளவிறந்தவழி வாழ்க்கைக்கே தளையாகும் என்பதும் அறிவுடையார் யாவர்க்கும் ஒப்ப முடிந்தனவாம். ஆயினும், அளவு யாது என்னும் வினா எழுந்துழி ஒருமைப்பாடு காண்டல் அரிது. பிறன் நிலத்தைக் கவர்தல் தீது என அறியாதார் இலர். நேரிய வழியில் ஈட்டிய தன் பொருள் கொண்டு, பிறர்க்கு ஊறின்றி, வீட்டிற்கு ஒரு சிறு கருவியை மேலும் வாங்கலாமோ என்னும் இடத்திலேயே ஆராய்ச்சி வேண்டப்படுகின்றது. அவ்வாராய்ச்சி ஈண்டு ஓர் அடுப்பின்மேல் வைத்து நிகழ்த்தப்படும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல்லில் ஓர் இல்லறத்தார் உளர் எனக் கொள்க. அவர் வீட்டு முற்றத்தில், பொங்கலிடுதற்கு மூன்று கல் கூட்டிய அடுப்பு ஒன்று உண்டு. சிரட்டைக் கரியின் அனலில் பண்டங்களைச் சுட்டெடுக்கும் இரும்படுப்பு ஒன்று உண்டு. இக்காலத்தார் இதனைக் கிரில் அடுப்பு என்பர். வளைகுடா நாட்டிலுள்ள மகன் கொணர்ந்த வாயுவடுப்பு வேறு உண்டு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்கிப் பரப்பிய மரச்சீனிக் கிழங்கும், ஏத்தன் பழமும், சோளக்கதிரும் இவற்றில் நன்கு வெந்து வருகின்றன. அங்ஙனமாகவும், மூடியொடு கூடிய புதியதோர் அடுப்பைக் கடையிற் கண்டு வந்தது முதல் அவர் உள்ளம் அதன்பாற் சென்றுகொண்டேயிருக்கின்றது. வாங்குதல் தக்கதோ, ஒழிதல் தக்கதோ?

அம்மூடியடுப்புத் தோன்றிய வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 1952-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்து உலோகப் பட்டறை ஒன்றிற் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பார், திறந்த அடுப்பின் அனலைக் காற்றும் மழையும் கெடுத்தல் கண்டு, நீரில் மிதக்கும் மிதவைக்குரிய இரும்புக் கோளத்தை இரண்டாக்கி, ஒரு பாதியை அடுப்பும் மறுபாதியை மூடியுமாக அமைத்தனர். ஒரு குறை இருந்தது. அக்குறையை நீக்க ஒரு கருவி பிறந்தது. தேவை இவ்வாறு குறையிற் பிறந்து, குறை தீர்ந்தவழித் தானும் அடங்கும். அவாவோ அத்தன்மைத்தன்று, அது பொருளைக் கண்டபின் பிறந்து, தனக்கு ஏற்பதொரு குறையைப் பின்னர்த் தேடிக்கொள்ளும். கருங்கல் இல்லறத்தார் அடுப்பைக் காணுமுன் எக்குறையும் உணர்ந்திலர் என்பது கருதற்பாலது.

இனி, கருவிகளை வெறுத்தல் சித்தாந்தத்தின் கருத்தன்று. தனு கரண புவன போகங்கள் உயிரின் பொருட்டு மாயையினின்று இறைவனால் உதவப்பட்டன. விடியுங்காறும் உதவும் விளக்குப் போல்வன. ஆதலின் அடுப்பு வாங்குதலே பாவமென்று கூறுவார் நூற்கருத்து உணர்ந்தவராகார். ஆயின், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. விளக்கைக் கொண்டு வழிகாண்பான் வழியைச் சார்ந்தவன். விளக்குகளையே அடுக்கி எண்ணிக்கொண்டிருப்பான் விடியலையும் மறந்தவன்.

உடைமை என்னும் சொல்லே ஓர் உண்மையை உணர்த்தும். இறைவன் உடையான், உயிர் அவனுக்கு உடைமை. தான் பிறனொருவன் உடைமையாயிருந்தும், உயிர் 'எனது' என்று ஒன்றைப் பற்றுதல் ஆணவத்தின் செயல். அவ்வாறு பற்றப்பட்ட பொருளும் வாளா இராது. இரு பருவ மழையும் உப்புக் காற்றும் உடைய அந்நாட்டில் இரும்பு விரைந்து துருவேறும். எண்ணெய் பூசலும், சாம்பல் அகற்றலும், உறையிடலும், கூரைக்குள் ஒதுக்கலும் நாடோறும் வேண்டும். ஓர் அடுப்புக்கு ஏவல் செய்தவர் நான்கிற்கு ஏவல் செய்வர். உடையவர் எனப்பட்டார் அடிமையாவர். சஞ்சிதம் என்னும் சொல்லுக்குக் குவித்து வைக்கப்பட்டது என்பது பொருள். முற்றத்திற் குவிவது இரும்பேயாயினும், உள்ளத்திற் குவிவது வினையாம்.

அற்றேல், தொழிலாளர் பிழைப்பதும் வணிகர் வாழ்வதும் வாங்குவாரால் அன்றோ எனின், அஃது உண்மையே. ஆயினும், கடைக்குச் செல்வார் தம் உள்ளத்தை வினவுங்கால், பிறர் பிழைப்பின்பொருட்டுச் செல்வதாக அது விடை கூறாது. இரக்கம் காரணமாயின், அப்பொருளைக் கொண்டு உதவுதற்கு வேறு பல வழிகள் உள. விருந்தோம்புதற்கு அடுப்பு மிகுதியும் வேண்டுமே எனின், இளையான்குடி மாற நாயனார் வரலாறு நினைக்கத்தக்கது. மழையிரவில் வந்த அடியார்க்கு, விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து, விறகின்மையால் வீட்டுக் கூரையின் வரிச்சுகளையே அறுத்து எரித்து அமுது அமைத்தார் அவர். அங்கே குறைவற இருந்தது அன்பு ஒன்றே. அடுப்பின் எண்ணிக்கையை யாரும் வினவியதில்லை.

இவ்வுண்மையைக் கருங்கல்லார் தொலைவிற் சென்று கற்கவேண்டுவதில்லை. மகாசிவராத்திரியில், முன்சிறைத் திருமலை தொடங்கி ஊர்க்கு அணித்தாகிய திருநட்டாலம் ஈறாகப் பன்னிரு சிவாலயங்களையும், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை ஓடியும் நடந்தும் அடியார்கள் வணங்குவர். அவர் கையில் இருப்பது பனையோலை விசிறியும் சிறு துணிப்பையுமே. சுமை குறைந்தாரே அவ்வழியைக் கடக்கின்றனர்.

ஆயின், இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? மூன்று வினாக்களைத் தம்மையே வினவுக. உள்ள அடுப்புகள் செய்யமாட்டாத பணி ஒன்று உண்டோ? புதிய அடுப்பால் உண்பார் தொகை பெருகுமோ, அடுப்பின் தொகை மட்டும் பெருகுமோ? வாங்காதொழியின் உள்ளம் அமைதியாக இருக்குமோ? முதல் இரண்டற்கும் விடை கூறுதல் எளிது. அறிவு அவாவிற்குத் துணையாய் நின்று காரணம் பல புனையவும் கூடும். மூன்றாவதே உரைகல். வாங்காமல் இருக்க வல்லார்க்கு வாங்குதலால் வரும் கேடு சிறிது. வாங்காமல் இருக்கமாட்டாதார்க்கு அம்மாட்டாமையே வாங்கலாகாமைக்குக் காரணம்.

ஆகவே, உள்ளம் அமையுங்காறும் அவர் கடைக்குச் செல்லாதொழிக. அமைந்த பின்னும் பணி உண்டாயின் வாங்குக. வாங்குமுன், உள்ளவற்றுள் ஒன்றை அஃது இல்லாத அண்டை வீட்டார்க்கு அளிக்க. அளிக்கக் கை நீளாதாயின், பொருள் தம்மைப் பற்றியிருத்தலை அவர் அப்பொழுதே அறிந்துகொள்வர். அவ்வறிவின் பயன் எவ்வடுப்பின் பயனினும் பெரிதென்று உணர்க.