அரிதாள் நிலத்தில் சாயும் வெயில்

ஆகஸ்ட் கடைசி. தென்மேற்கு இங்கிலாந்து, வில்ட்ஷயர். கோதுமை அறுத்து முடிந்த சரிவு. அறுவடை இயந்திரம் வரிசை வரிசையாகக் கொட்டிப் போன தாளை இன்னோர் இயந்திரம் வாரிச் சுருட்டி, வலை சுற்றி, ஆங்காங்கே விட்டுப் போயிருக்கிறது. நாலடி உயர உருளைக் கட்டுகள். அதிக நாள் இங்கே இருக்காது. மாட்டுக் கொட்டகையில் பரப்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னாலேயே அடுத்த உழவு. முன்பெல்லாம் வயலிலேயே தாளைக் கொளுத்துவதும் உண்டு. 1993இல் அதற்குத் தடை வந்தது.

*

இங்கே சூரியன் நேராக விழுவதில்லை. அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்தபடியே இறங்குகிறது. அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலே நிற்கும் சூரியன் மறைய, தஞ்சாவூரில் ஏறக்குறைய 40 நிமிடம். இங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல். காவிரிக் கரையில் சாயங்கால வெயிலைத் துரத்திப் பழகிய எனக்கு இது பெரிய கொடை. நிற்கலாம். பார்க்கலாம். மூச்சு அடங்கிய பிறகு கேமராவை எடுக்கலாம். அந்தப் பத்துப் பாகையில் கட்டின் நிழல் இருபது அடியைத் தாண்டிக் கிடக்கிறது. ஐந்து பாகைக்கு வரும்போது அது இரு மடங்கு.

*

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் கட்டு தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து வெயில் வர வேண்டும். அப்போதுதான் வட்ட முகத்தின் சுருள் தெரியும். ஒவ்வொரு தாளும் தனித்தனியே எழும். வளைந்த பக்கத்தில் தாளின் மெழுகுப் பூச்சு மினுங்கும். லென்ஸில் போலரைசர் வடிகட்டி மாட்டினால் அந்த மினுப்பு போய்விடுகிறது; நான் மாட்டுவதில்லை. வைக்கோலுக்கு உயிரே அதுதான். வெள்ளைச் சமநிலையைக் கேமராவின் தீர்மானத்துக்கு விட்டால் மஞ்சளைக் குறைத்துவிடும். பகல் வெயில் அளவில் நிறுத்திவிடுவது நல்லது.

நிழல் பக்கம் வேறு உலகம். அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம் மட்டும். வைக்கோலில் லேசாக நீலம் படிகிறது. பொன்னுக்குப் பொன் என்று தெரிவதே இந்த நீலத்தால்தான்.

*

இதே வில்ட்ஷயரில்தான் லேகாக் மடம். அதில் வாழ்ந்த புகைப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலில் ஓர் உலர்புல் போரின் படத்தைச் சேர்த்தார். 1844இல் வெளிவரத் தொடங்கிய நூல். 24 படங்களில் பத்தாவது இது. ஒரு போர், அதில் சாய்த்த ஓர் ஏணி, ஏணியின் கூர்மையான நிழல். எந்த ஓவியனும் பொறுமையாக வரைய முன்வராத நுணுக்கங்களையெல்லாம் புகைப்படம் தானே கொண்டுவந்துவிடும் என்று அதை ஒட்டி எழுதினார். புல்லிதழ் புல்லிதழாகக் கண்ட மகிழ்ச்சி அது. புகைப்படக்கலை நடைபயின்ற நாளிலேயே அதன் முழு பலமும் ஒரு புல்போரில் வெளிப்பட்டுவிட்டது என்பேன்.

இன்று பலரும் வயல் முழுவதையும் ஒரே சட்டத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். அடிவானம், மேகம், முப்பது கட்டுகள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த ஊர் வயலும் அப்படித்தான் இருக்கும்.

*

எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொதுப் பாதையை விட்டு வயலுக்குள் இறங்குமுன் விவசாயியிடம் கேளுங்கள். கட்டுகள்மேல் ஏறாதீர்கள், சரிவில் அவற்றுக்குக் கீழே நிற்கவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான கிலோ எடை, உருண்டால் ஆளைக் கொல்லும். ஒரே ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்து, வெயில் பக்கமும் நிழல் பக்கமும் சுற்றி வந்து, கடைசி வெளிச்சம் வரை அதோடு இருங்கள்.