உரியதும் உடன்பிறந்ததும்

பழைய ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தை விலை பேசுகிறவர், மணி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதோடு விடுவதில்லை. எஃகுச் சங்கிலியின் கொக்கியைத் திறந்து பார்க்கிறார். உட்புறத்தில் சங்கிலியின் எண்ணும், பெரும்பாலும் அது செய்யப்பட்ட காலத்தின் குறியும் இருக்கும். 1976 முதல் பல ஆண்டுகள் எழுத்துக் குறியே ஆண்டைக் காட்டி வந்தது. கடிகாரத்தோடு சேரும் முனைத்துண்டிலும் எண் உண்டு. எல்லாம் ஒத்து வந்தால், ‘அசல்’ என்று பூரித்துப் போகிறார்.

அந்த எண்கள் சொல்வதென்ன? சங்கிலி இந்தக் கடிகாரத்துக்கு உரியது என்பதை மட்டுமே. உடன்பிறந்ததா என்பதை அவை சொல்வதில்லை. வேறொரு கடிகாரத்தில் கிடந்ததை நேற்று வாங்கிப் பூட்டியிருந்தாலும் எண்கள் ஒத்துத்தான் போகும்.

தோல் தொழில் நடக்கும் ஆம்பூர் வட்டாரத்தாருக்கு இது புதிதன்று. எத்தனை நல்ல தோல்வாரும் வியர்வையில் ஊறி ஒருநாள் இற்றுப்போகும், மாற்றத்தான் வேண்டும். மாற்றியதில் பாவம் ஏது? மாற்றியதை மறைத்து, ‘தகப்பனார் கட்டியது அப்படியே இருக்கிறது’ என்று விலையை ஏற்றுகிறோமே, அங்கேதான் பாவம் புகுகிறது.

எண்ணைப் பூதக்கண்ணாடி காட்டிவிடும். மற்றதை விற்கிறவன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.